ஆய்வேடுகளைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள், முதுகலையில் திட்டக் கட்டுரை எழுதுபவர்கள், எந்தப் பட்டத்துக்காகவும் இல்லாமல் தன் ஊரைப் பற்றியோ தொழிலைப் பற்றியோ தேடிப் படிப்பவர்கள் எனப் பலரும் நூலக மேசையில் வந்து கேட்கும் கேள்விகள் இவை. ஆய்வேடு கடையில் விற்பதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று படிகள்தான் அச்சாகும். அவை பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தில் தங்கிவிடும். அதனால் தலைப்பை மட்டும் வைத்துத் தேடுவதைவிட, "எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை, யார் நெறியாளர் (ஆய்வுக்கு வழிகாட்டியவர்)" என்று தேடிக்கொண்டு போகிறவருக்கு ஆய்வேடு சீக்கிரம் அகப்படும். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

என் தலைப்பில் ஏற்கெனவே யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்று எங்கே பார்ப்பது?

இந்தியப் பல்கலைக்கழகம் என்றால் முதலில் ஷோத்கங்கா. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் களஞ்சியம் இது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் இதில் இருக்கின்றன. காசு கட்ட வேண்டாம், யாரும் படிக்கலாம், தரவிறக்கலாம்.

முகப்பில் உள்ள தேடல் பெட்டியில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, வருகிற ஆயிரக்கணக்கான முடிவுகளைப் பார்த்து மலைத்துப்போவதுதான் பலருடைய அனுபவம். அப்படிச் செய்யாதீர்கள். பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் திறந்து, உங்கள் துறையில் பெயர் பெற்ற ஒரு பல்கலைக்கழகத்துக்குள் போங்கள். அதற்குள் துறை வாரியாகப் பிரித்திருப்பார்கள். துறைக்குள் போய்த் தலைப்புகளை மேலிருந்து கீழாக ஒரு முறை வாசியுங்கள். அரை மணி நேரம் ஆகும். ஆனால் அந்தத் துறையில் என்னென்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன, எந்த நெறியாளரிடம் எந்த வகை ஆய்வு நடக்கிறது என்பது தெளிவாகப் புரிந்துவிடும். பிறகு அந்த நெறியாளரின் பெயரைச் சொடுக்கினால் அவரிடம் பட்டம் பெற்ற மற்றவர்களின் ஆய்வேடுகளும் வரும். உங்கள் தலைப்புக்கு நெருங்கியது பெரும்பாலும் அந்த வரிசையில்தான் இருக்கும்.

ஷோத்கங்காவில் இல்லை என்றால் அந்த ஆய்வு நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஆய்வேட்டின் மின்படியைக் கட்டாயமாகத் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதி கொண்டுவந்தது 2009-இல். பட்டத்தை அறிவிக்கும் முன்பே மின்படி இன்ஃப்ளிப்நெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லின. அதற்கு முந்தைய ஆய்வேடுகளைச் சில பல்கலைக்கழகங்கள் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கின்றன, பல இடங்களில் அந்த வேலை பாதியில் நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இலும் அண்ணாமலை 1929-இலும் தொடங்கியவை. அவற்றில் எத்தனை பத்தாண்டுகளின் ஆய்வுகள் அச்சுப்படியாக மட்டும் அலமாரியில் இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, எம்.பில். ஆய்வேடுகள். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் எம்.பில். முடித்தவர்கள் ஏராளம். ஊர்ப் பெயராய்வு, ஒரு சிற்றிதழின் தொகுப்பு, ஒரு கோயிலின் கல்வெட்டுகள், ஒரு சாதியின் வாழ்க்கை வட்டச் சடங்குகள் போன்ற நல்ல கள வேலைகள் பல அந்த மெல்லிய ஏடுகளில்தான் கிடக்கின்றன. 2022 விதிகளோடு அந்தப் படிப்பே நிறுத்தப்பட்டுவிட்டது. ஷோத்கங்கா முனைவர் பட்டத்தை மையமாக வைத்தது என்பதால் எம்.பில். ஏடுகளை நேரடியாகப் பல்கலைக்கழக நூலகத்திலோ கல்லூரித் துறை நூலகத்திலோதான் தேட வேண்டும். இந்த ஏடுகளைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. துறை இடம் மாறும்போதும் அலமாரி நிரம்பும்போதும் முதலில் மூட்டை கட்டப்படுவது இவைதான்.

தமிழில் தட்டச்சு செய்து தேடினால் ஒன்றும் வரவில்லையே?

மிக அதிகமாக வரும் கேள்வி இது. பதிலும் கொஞ்சம் நீளம்.

ஆய்வேடு தமிழில் எழுதப்பட்டிருந்தாலும், அதன் தலைப்பைக் களஞ்சியத்தில் பதிவு செய்தவர் ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துப் போட்டிருக்கலாம், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போட்டிருக்கலாம், தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கலாம். மூன்றும் கலந்தே கிடக்கின்றன. ஆகவே ஒரே தேடலை மூன்று முறை செய்ய வேண்டும்.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் இதை எஸ் போட்டுத் தொடங்குபவர்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முறையைப் பின்பற்றுபவர்கள் சி போட்டுத் தொடங்குவார்கள். சி-யோடு ஹெச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நடுவில் வரும் ப்ப-வுக்கு ஒருவர் இரண்டு பி போடுவார், இன்னொருவர் ஒன்றோடு நிறுத்துவார். தி-க்கு டி மட்டும் போடுபவர், டி-யும் ஹெச்-சும் போடுபவர், ஆங்கில 'டி ஃபார் டாக்'கில் வரும் டி போடுபவர் என்று மூன்று வகை. கா-வுக்கு கே அல்லது ஜி. இத்தனையையும் பெருக்கிப் பார்த்தால் ஒரே காப்பியத்துக்குப் பல டஜன் எழுத்துக்கூட்டல்கள் வரும். ஒவ்வொன்றையும் அடித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

இதற்கு வழி நட்சத்திரக் குறி. எஸ், ஐ, எல், ஏ, பி என்று ஒற்றை பி வரை மட்டும் அடித்து, இடைவெளி விடாமல் பக்கத்தில் * போடுங்கள். அதற்குப் பிறகு எந்த எழுத்து வந்தாலும் களஞ்சியம் அள்ளிக்கொண்டு வரும். ஒரு பி போட்டவரும் வருவார், இரண்டு பி போட்டவரும் வருவார். அடுத்து முதலெழுத்தை சி ஆக மாற்றி ஒரு முறை, சி-ஹெச் ஆக மாற்றி ஒரு முறை. மூன்றே தேடலில் வேலை முடிந்துவிடும். சொல் எந்த இடத்தில் பிரிந்துபோகிறதோ அதற்கு ஓரெழுத்து முன்னால் குறியைப் போட வேண்டும், அவ்வளவுதான். ரொம்பவும் முன்னால் போட்டுவிட்டால் தொடர்பே இல்லாத சொற்களும் சேர்ந்து வந்துவிடும்.

சங்க இலக்கியம் என்று தேடுபவர்கள் எஸ்-ஸில் தொடங்கும் வடிவத்தோடு, சி-யில் தொடங்கி நடுவில் கே வரும் வடிவத்தையும் தேட வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் இரண்டாவதுதான் அதிகம்.

ஊர்ப் பெயர், மாவட்டப் பெயர் வைத்துத் தேடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஆய்வு நடந்த ஆண்டில் அந்த ஊருக்கு என்ன பெயர் என்று பாருங்கள். சென்னை என்ற பெயர் அதிகாரபூர்வமாக எல்லா இடத்திலும் வந்தது 1996-இல். அதற்கு முன் ஆங்கிலத்தில் எழுதியவர்கள் மெட்ராஸ் என்றே எழுதியிருப்பார்கள். தஞ்சாவூருக்கு டேஞ்சூர், தூத்துக்குடிக்கு டூட்டிகொரின். விருதுநகரும் சிவகங்கையும் தனி மாவட்டங்களானது 1985-இல். அதற்கு முந்தைய ஆய்வு சிவகாசித் தீப்பெட்டித் தொழிலைப் பற்றியதாக இருந்தாலும் ராமநாதபுரம் மாவட்டம் என்ற தலைப்பில்தான் இருக்கும். பல்கலைக்கழகங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. மதுரைப் பல்கலைக்கழகம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது 1978-இல்.

ஆய்வேட்டின் பக்கத்தைத் திறந்தால் பத்துப் பதினைந்து பிடிஎஃப் கோப்புகள் இருக்கின்றன. எதைத் திறப்பது?

ஷோத்கங்காவில் ஆய்வேடு ஒரே கோப்பாக இருக்காது. தலைப்புப் பக்கம், முற்பகுதி, பொருளடக்கம், ஆய்வுச் சுருக்கம், ஒவ்வோர் இயலும் தனித்தனியாக, பின்னிணைப்பு என்று எண் போட்டுப் பிரித்து வைத்திருப்பார்கள். அந்த வரிசைப்படியே படிக்க வேண்டும் என்பதில்லை.

80 என்ற எண்ணில் ஒரு கோப்பு இருந்தால் அதை முதலில் திறங்கள். தலைப்புப் பக்கத்தையும் முடிவுரையையும் சேர்த்து வைத்த கோப்பு அது. ஆய்வாளர் கடைசியில் என்ன கண்டார் என்பது அதில் இருக்கும். இந்த ஆய்வேடு நமக்கு வேண்டுமா வேண்டாமா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வேண்டும் என்றால் அடுத்து பொருளடக்கம், அப்புறம் துணைநூற்பட்டியல். பழைய பதிவுகளில் துணைநூற்பட்டியல் தனிக் கோப்பாக இருக்கும், புதியவற்றில் பின்னிணைப்புக் கோப்புக்குள் சேர்ந்திருக்கும்.

ஓர் ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி துணைநூற்பட்டியல்தான். இயல்கள் சுமாராக இருந்தால்கூட, மூன்று நான்கு ஆண்டுகள் அலைந்து ஒருவர் சேர்த்த நூல்களும் கட்டுரைகளும் அரசு ஆவணங்களும் அங்கே வரிசையாக நிற்கும். "அச்சிடப்படாத ஆய்வேடுகள்" என்று ஓர் உட்தலைப்பும் பெரும்பாலும் இருக்கும். எந்த இணையத் தேடலிலும் அகப்படாத எம்.பில். ஏடுகளின் பெயர்களும், அவை எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த ஆண்டில் அளிக்கப்பட்டவை என்பதும் அங்கேதான் கிடைக்கும். ஒரே தலைப்பில் மூன்று ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை நீங்கள் படிக்காமல் விட முடியாது.

அப்புறம், பிற்சேர்க்கையில் வினாநிரல், தகவலாளர் பட்டியல், பாடல்களின் மூல வடிவம், நேர்காணல் எழுத்துப்படி இருக்கும். நாட்டார் வழக்காற்றியல், மானிடவியல் ஆய்வேடுகளில் இந்தப் பகுதிக்காகவே ஏட்டைத் தேடலாம்.

பிடிஎஃப் கோப்புக்குள் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை. கண்ணுக்கு எதிரே அந்தச் சொல் இருக்கிறதே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அது வெறும் ஸ்கேன் படம். இரண்டு, பாமினி, வானவில், டாம், டாப் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழ், கோப்புக்குள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். ஒரு பத்தியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் கொட்டினால் பழைய எழுத்துரு என்று அர்த்தம். என்எச்எம் மாற்றி, சுரதா மாற்றி போன்ற கருவிகளில் போட்டு ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் டிடிபி கடைகளில் பழைய எழுத்துருவே ஓடியது என்பதால் ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

ஒன்றும் நகலாகவில்லை என்றால் அது படம். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸ் வழியே திறந்தால் தமிழ் எழுத்துகளை ஓரளவு நன்றாகவே படித்துத் தரும். இயல் இயலாகச் செய்யுங்கள். மேற்கோள் எடுக்கும்போது மட்டும் மூலப் பக்கத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள்.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் ஓபாக்கில் ஆய்வேடுகள் வருமா?

வரும், ஆனால் நூல் என்ற வகையில் தேடினால் வராது. ஓபாக் என்பது நூலகத்தின் கணினிப் பட்டியல். நம் ஊரில் பல நூலகங்கள் கோஹா மென்பொருளில் அதை வைத்திருக்கின்றன. மேம்பட்ட தேடலுக்குள் போனால் ஆவண வகை என்று ஒரு பகுதி இருக்கும். அதில் ஆய்வேடு என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆசிரியர் பெயரையோ தலைப்பின் ஒரு சொல்லையோ போடுங்கள். சில இடங்களில் முனைவர் பட்டத்துக்கும் எம்.பில்லுக்கும் தனித்தனி வகை வைத்திருப்பார்கள், இரண்டையும் பாருங்கள். வெளிநாட்டு நூலகத் தேடலிலும் இதே எச்சரிக்கைதான். அமெரிக்கர்கள் டெசர்ட்டேஷன் என்று சொல்லும் முனைவர் பட்ட ஏட்டை பிரிட்டனில் தீசிஸ் என்பார்கள்.

கிடைத்த பதிவில் உள்ள அழைப்பு எண்ணையும் (அலமாரியில் இடம் காட்டும் எண்) சேர்க்கை எண்ணையும் (நூலகம் ஒவ்வொரு படிக்கும் தரும் எண்) குறித்துக்கொண்டு போங்கள். ஆய்வேடுகளைப் பொதுவாக அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், வீட்டுக்குத் தர மாட்டார்கள். பட்டியலே இன்னும் கணினிக்கு மாறாத நூலகங்களும் உண்டு. அங்கே சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டும்படி நூலகரைக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடும் வசதி எங்கள் நூலகத்தில் இருக்கிறது. அது போதுமா?

ப்ரைமோ, சம்மன், எப்ஸ்கோ டிஸ்கவரி போன்றவற்றைச் சொல்கிறீர்கள். நூல், இதழ்க் கட்டுரை, மின்னூல், ஆய்வேடு எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். இடப்பக்கம் உள்ள வடிகட்டியில் ஆய்வேடுகளை மட்டும் டிக் செய்யுங்கள், ஆண்டைச் சுருக்குங்கள். தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் அந்த நூலகம் சந்தா கட்டிய, அல்லது இணைத்து வைத்த தரவுத்தளங்களில் இருப்பதைத்தான் அது காட்டும். தமிழ் ஆய்வேடுகளுக்கு அதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் கை காயும்.

ஆண்ட், ஆர், நாட் என்று சொல்கிறார்களே, அது எப்படி?

இரண்டு சொல்லும் வேண்டும் என்றால் ஆண்ட். ஏதாவது ஒன்று போதும் என்றால் ஆர். எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளை எல்லாம் அடைப்புக்குறிக்குள் வைத்து ஆர் போட்டு இணைத்துவிட்டால் மேலே சொன்ன மூன்று தேடலும் ஒன்றாகிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடியுங்கள், பல கருவிகளில் சிறிய எழுத்து வேலை செய்யாது. தொடராகவே வர வேண்டும் என்றால் இரட்டை மேற்கோள்குறிக்குள் வையுங்கள். நாட் போடுவதைக் கூடிய வரை தவிருங்கள். வேண்டாத சொல் ஒரே ஒரு முறை வந்திருந்தாலும் நல்ல ஏட்டைத் தூக்கி வெளியே போட்டுவிடும்.

மருத்துவம், சித்த மருத்துவம், வேளாண்மை ஆய்வேடுகள் எங்கே?

இவற்றுக்குத் தனி வீடு உண்டு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தன் கீழ் உள்ள கல்லூரிகளின் எம்.டி., எம்.எஸ். ஆய்வேடுகளைத் தன் களஞ்சியத்தில் திறந்து வைத்திருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஆகியவற்றின் மேற்படிப்பு ஏடுகளும் அதில் கிடைக்கின்றன. ஒரு சூரணத்தையோ பற்பத்தையோ எடுத்துக்கொண்டு அது எந்த நூலில் சொல்லப்பட்டது, எப்படிச் சுத்தி செய்தார்கள், ஆய்வகச் சோதனையில் என்ன வந்தது, எத்தனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். முகநூலில் சுற்றும் மருத்துவக் குறிப்புகளை நம்புவதற்கு முன் இந்தக் களஞ்சியத்தை ஒரு முறை திறந்து பார்க்கலாம். இந்த ஏடுகளில் நோயின் பெயர் பல நேரம் சித்த மருத்துவப் பெயராகவே ஆங்கில எழுத்தில் இருக்கும். உதிரவாத சுரோணிதம், மதுமேகம் என்று தேட வேண்டும், மூட்டுவலி, சர்க்கரை நோய் என்று மட்டும் தேடினால் பாதி விட்டுப்போகும்.

வேளாண் ஆய்வேடுகளுக்கு கிருஷிகோஷ். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடப்பது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏடுகளை அங்கே தேடுங்கள்.

அமெரிக்கா, ஐரோப்பாவில் தமிழைப் பற்றி நடந்த ஆய்வுகளை எப்படிப் பிடிப்பது?

அமெரிக்காவுக்கு ப்ரோக்வெஸ்ட்தான் பெரிய களம். 1938-இல் ஆன் ஆர்பர் நகரில் யூஜின் பவர் தொடங்கிய மைக்ரோஃபிலிம் நிறுவனத்திலிருந்து வளர்ந்தது. இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகளின் விவரம் அதில் இருக்கிறது. ஆனால் சந்தா கட்டிய நூலகம் வழியாகத்தான் முழு ஏட்டையும் படிக்க முடியும். 2025 தொடக்கத்தில் வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் ஆய்விதழ்களுக்கானது. அதில் உங்கள் கல்லூரி இருக்கிறது என்பதால் ப்ரோக்வெஸ்ட் ஆய்வேடுகளும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், நூலகரிடம் தனியாகக் கேளுங்கள்.

சந்தா இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. ஆய்வேட்டின் பெயரும் பல்கலைக்கழகமும் தெரிந்தால் போதும். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதே ஏட்டைத் தங்கள் சொந்தக் களஞ்சியத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பெர்க்லியில் அண்மை ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்களின் ஏடுகளை கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஈஸ்காலர்ஷிப் தளத்தில் படிக்கலாம். எந்தப் பல்கலைக்கழகம் என்றே தெரியாதபோது ஓஏடிடி என்ற இலவசத் தேடல் தளத்தையும், என்டிஎல்டிடி என்ற கூட்டமைப்பின் தேடலையும் பாருங்கள். உலகம் முழுக்க உள்ள பல்கலைக்கழகக் களஞ்சியங்களை இவை ஒன்றாகத் தேடும்.

பிரிட்டனுக்கு ஈத்தாஸ் என்ற தளத்தைப் பழைய வழிகாட்டிகள் எல்லாம் சொல்லும். பிரிட்டிஷ் நூலகம் 2009-இல் தொடங்கியது அது. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலில் அதுவும் முடங்கிப்போனது. ஒரே இடத்தை நம்பி இருந்தவர்கள் அன்றைக்குத் தவித்தார்கள். நேராக அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்துக்குப் போவதே நல்லது. தென்னாசிய ஆய்வுகளுக்கு லண்டனில் உள்ள சோவாஸ் பல்கலைக்கழகம் முக்கியம். அங்கே பழைய ஆய்வேடுகள் பலவற்றையும் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள்.

இலங்கை, மலேசிய ஆய்வேடுகள்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சொந்த மின்களஞ்சியம் இருக்கிறது. பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களுக்கும் அப்படியே. ஈழத்து இலக்கியம், வரலாறு பற்றித் தேடுபவர்கள் 'நூலகம்' என்ற நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆய்வேட்டில் சுட்டப்பட்ட சிற்றிதழோ விழா மலரோ பல நேரம் அங்கேயே முழுதாகக் கிடைத்துவிடும். இலங்கையில் துணைநூற்பட்டியலை உசாத்துணை என்பார்கள், தேடும்போது அந்தச் சொல்லும் கையில் இருக்கட்டும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. மாணவர் ஆய்வேடுகளுக்கென்றே அந்தப் பல்கலைக்கழகம் தனிக் களஞ்சியம் வைத்திருக்கிறது. தலைப்புகள் மலாயிலும் இருக்கும்.

ஆய்வேடு நூலாக வந்துவிட்டது. நூலைப் படித்தால் போதாதா?

பல நேரம் போதும். ஈழத்துத் தமிழறிஞர்கள் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி இருவரும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து பட்டம் பெற்றவர்கள். இருவருடைய ஆய்வேடுகளும் ஆங்கில நூல்களாக வந்தன. மேற்கோள் காட்ட நூலே சிறந்தது, ஏனென்றால் ஆசிரியர் மறுபடி திருத்திச் செம்மை செய்தது அது. ஆனால் பதிப்பாளர் பக்கத்தைக் குறைக்கச் சொல்லி வெட்டிய அட்டவணைகளும் பிற்சேர்க்கைகளும் ஆய்வேட்டில்தான் இருக்கும். கள ஆய்வுத் தரவு வேண்டும் என்றால் ஏட்டையும் தேடுங்கள். நூலின் முன்னுரையில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்த ஆண்டில் அளித்தார் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.

அச்சுப்படி வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

நேரில் போவதற்கு முன் நூலகருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆய்வாளர் பெயர், தலைப்பு, துறை, ஆண்டு நான்கையும் எழுதி, படி இருக்கிறதா, வெளியாள் படிக்க அனுமதி உண்டா, நகல் எத்தனை பக்கம் எடுக்கலாம் என்று கேளுங்கள். உங்கள் நெறியாளரிடமோ துறைத் தலைவரிடமோ கையெழுத்து வாங்கிய அறிமுகக் கடிதம், அடையாள அட்டை இரண்டும் கையில் இருக்க வேண்டும். மத்திய நூலகத்தில் இல்லை என்றால் அங்கேயே தேடலை விட்டுவிடாதீர்கள். துறை நூலகத்தில் ஒரு படி, நெறியாளரிடம் ஒரு படி, ஆய்வாளரிடம் ஒரு படி இருக்கும். தமிழாய்வுக்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் இரண்டையும் விசாரிக்கலாம்.

ஆய்வாளருக்கே எழுதிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். தன் ஆய்வேட்டை ஒருவர் தேடிப் படிக்கிறார் என்று தெரிந்தால் மகிழாதவர்கள் குறைவு.

பதிவு இருக்கிறது, கோப்பு திறக்கவில்லை. ஏன்?

ஆய்வாளரோ பல்கலைக்கழகமோ கொஞ்ச காலத்துக்குத் தடுத்து வைத்திருக்கலாம். நூலாக வெளியிடவோ காப்புரிமை பெறவோ ஆறு மாதம், ஓராண்டு, ஈராண்டு என்று கேட்டு வாங்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆய்வுச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, அவர் அதே பொருளில் இதழ்க் கட்டுரை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

கூகுள் ஸ்காலர் மட்டும் போதாதா?

ஆங்கில ஆய்வேடுகளுக்கு ஓரளவு உதவும். நெறியாளர் வாரியாகவோ துறை வாரியாகவோ பார்க்க அதில் வழி இல்லை. தமிழ் ஏடுகளில் பெரும்பகுதி விட்டுப்போகும்.

கிடைத்த ஆய்வேட்டிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்?

மேற்கோள் குறியோடும் முழு விவரத்தோடும் தேவையான அளவு எடுக்கலாம். சொல்லாமல் எடுத்தால் அது திருட்டு. 2018-இல் வந்த மானியக் குழு விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை, 40 முதல் 60 வரை, 60-க்கு மேல் என்று படிப்படியாக நடவடிக்கை கூடும், கடைசிப் படியில் பதிவே ரத்தாகும். ஆனால் இந்தச் சதவீதக் கணக்கை வைத்துக்கொண்டு "ஒன்பது விழுக்காடு எடுத்தால் தப்பில்லை" என்று பேசுவது சரியில்லை. தமிழ் ஏடுகளில் மென்பொருள் பல நேரம் ஒப்புமையைக் கண்டுபிடிக்காது. படித்தவர் கண்டுபிடிப்பார்.

மேற்கோளில் ஆய்வாளர் பெயர், தலைப்பு, பட்டம், பல்கலைக்கழகம், ஆண்டு ஆகியவற்றோடு ஷோத்கங்காவின் நிலையான முகவரியையும் சேருங்கள். பதிவுப் பக்கத்திலேயே 10603 என்ற எண்ணும் அதையடுத்து ஒரு சாய்கோடும் வரும் முகவரி அது. தேடல் பெட்டியிலிருந்து நகலெடுத்த நீளமான முகவரி நாளைக்கு வேலை செய்யாமல் போகலாம்.

நான் ஆய்வேட்டை முடிக்கப் போகிறேன். பிறகு வருபவர்கள் அதைக் கண்டுபிடிக்க நான் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஏட்டை ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள், கடையில் கொடுத்தாலும் அதைச் சொல்லிக் கொடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் தராதீர்கள், கணினியிலிருந்தே நேராக பிடிஎஃப் ஆக்குங்கள். தலைப்பைத் தமிழ் எழுத்து, ஆங்கில ஒலிபெயர்ப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பு என மூன்று வடிவிலும் ஒரு தாளில் எழுதி நூலகத்தில் கொடுங்கள். குறிச்சொற்களாக 'தமிழ்', 'இலக்கியம்' என்று பொதுவாகப் போட்டால் யாருக்கும் பயனில்லை. நூலின் பெயர், ஊரின் பெயர், மாவட்டம், சமூகம், காலம் இவற்றைப் போடுங்கள், ஊருக்குப் பழைய பெயர் இருந்தால் அதையும் சேருங்கள்.

ஏறிய பிறகு ஒரு நாள் உட்கார்ந்து உங்கள் பதிவை நீங்களே தேடிப் பாருங்கள். பெயரின் முதலெழுத்து இடம் மாறியிருக்கும், நெறியாளர் பெயரில் ஓரெழுத்து விட்டிருக்கும், மூன்றாம் இயல் இரண்டு முறை ஏறி நான்காம் இயல் விட்டுப்போயிருக்கும். பல்கலைக்கழகத்தில் ஷோத்கங்கா பணியைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் நூலகரே. பதிவின் முகவரியையும் திருத்த வேண்டியதையும் எழுதி அவருக்கு அனுப்பினால் சரி செய்து தருவார்.